எண் பதினொன்றுக்குச் சாவி கொடுத்தவன்

கைக்கடிகாரத்துக்குக் காலையில்தான் சாவி கொடுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, திருகை நிதானமாகச் சுற்ற வேண்டும். கையில் கட்டியபடியே சாவி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருகின் தண்டு ஒரு பக்கமாக இழுபட்டு நாளடைவில் வளைந்துவிடும். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இபார்ரா அம்மா, உங்கள் மேசைமேல் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. மூன்று மணி பத்து நிமிடத்தில் நின்றிருக்கிறது. நீங்கள் போலீஸ்காரர்கள், உங்களுக்குத் தெரியாது, குற்றம் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். வக்கீல் எனக்கு வேண்டாம். யாராவது ஒருத்தர் கையைக் கழுவிக்கொண்டு வந்து அதற்குச் சாவி கொடுத்தால் போதும்.

என் பெயர் ராய்ஸ் டேனஹில். வயது எழுபத்து நான்கு. லீக் சிட்டியில் தனியாக இருக்கிறேன். என்னிடம் முப்பத்தொரு கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. எல்லாமே ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள க்ரோனோகிராஃப், எல்லாமே விண்வெளிப் பயணத்தின் நினைவாகச் செய்தவை. எல்லாம் புதியவை, ஆனால் அறுபதுகளில் செய்தவை மாதிரி இருக்கும். கறுப்பு முகப்பு, அதற்குள் மூன்று குட்டி வட்டம், எண்களுக்கு மட்டும் ஆறிப்போன தேநீர் நிறத்தில் பூச்சு. பிறக்கும்போதே கிழவனாகப் பிறந்த கடிகாரங்கள் என்று டெல்பர்ட் கேலி செய்வான். முப்பத்தொன்றிலும் பின்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட உரிக்காமல் வைத்திருக்கிறேன். சாவி கொடுக்க மட்டும் எடுப்பேன். கையில் கட்டியதில்லை.

டெல்பர்ட் ஓக்ஸிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவன் மீன் அறுப்பான்.

சனிக்கிழமைகளில் நாங்கள் ஆறு பேர் நாசா சாலை ஓட்டலில் ஒன்பது மணிக்குக் கூடுவோம். காபி, சாசேஜ் வைத்த கொலாச்சே ரொட்டி, கடிகாரப் பேச்சு. பாதிப் பேர் விண்வெளி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவனும் தன் கடிகாரப் பெட்டியின் மெத்தைக்கு அடியில் ஒரு சீட்டு எழுதி வைப்பான், தான் செத்தால் அந்தக் கடிகாரம் மேசையில் யாருக்குப் போக வேண்டும் என்று. எங்களோடு இருந்த கிளைட் செத்தபோது அவன் மனைவி எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு அடகுக் கடைக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வந்த வழக்கம். பெட்டிச் சீட்டு என்போம். எங்கள் மேசையில் அதை மீறியவன் கிடையாது.

டெல்பர்ட்டின் சீட்டில் என் பெயர் இருந்தது.

அவனுடைய கடிகாரம் எண் பதினொன்று. நிலவில் கால் வைத்த பயணத்துக்கு ஐம்பது வருடம் ஆனபோது ஒரு சின்னக் கம்பெனி மொத்தம் இருநூறு செய்தது. எண்ணைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். பதினோராவது பயணம், பதினோராம் எண். அதன் அருமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நான் என் பெயரில், என் தங்கை பெயரில், செத்துப்போன என் அண்ணன் பெயரில்கூட எழுதிப் போட்டேன். எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. டெல்பர்ட் ஒரே ஒரு சீட்டுப் போட்டான், அதுவும் எங்கள் மேசைக்காரன் வெர்ன் பிக்கார்ட் வற்புறுத்தியதால். அவனுக்குப் பதினொன்று விழுந்தது. அன்று மேசையில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அவன் அந்தக் கடிகாரத்தை வைத்திருந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் கண்ணாடியில் கீறல். கையில் கட்டும் வாரில் தூண்டில் புழுவின் நாற்றம். வாரத்துக்கு இரண்டு தடவை சாவி கொடுக்க மறப்பான், அது நின்றுபோகும், "அது தூங்குதுடா, விடு" என்பான். வார் நுனியை வளையத்துக்குள் செருக மாட்டான், நாக்கு மாதிரி வெளியே தொங்கும். அந்த நுனியைப் பார்த்துக்கொண்டு ஐந்து வருடம் காபி குடித்திருக்கிறேன்.

ஆனால் ஸ்டாப்வாட்ச் பொத்தானை மட்டும் ஓயாமல் அழுத்துவான். பழைய தொழில் புத்தி. விண்வெளி உடைகளின் கையுறையில் காற்றடைத்து, பத்து நிமிடம் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கிற வேலையை இருபத்தாறு வருடம் செய்தவன். முட்டை வேகும் நேரம், பரிமாறுகிற டீனா காபி கொண்டுவரும் நேரம், எல்லாவற்றையும் அளப்பான். எல்லாருக்கும் அது வேடிக்கை.

அந்தச் சனிக்கிழமை மேசைக்குப் புதிதாக ஒருத்தர் வந்திருந்தார். நான் அவரிடம் விண்கலம் திரும்பி வந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னேன், கட்டுப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருந்ததைப் பற்றி. முடித்ததும் டெல்பர்ட் பொத்தானை அழுத்தி, மணிக்கட்டைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"ராய்ஸ் கதை, நாலு நிமிஷம் பன்னெண்டு விநாடி," என்றான். "இதுல உண்மை எட்டு விநாடி."

"எந்த எட்டுப்பா?" என்று வெர்ன் கேட்டான்.

"'அன்னிக்கு நல்ல மழை'ன்னு சொன்னான் பாரு, அது. மழை பெஞ்சுது. எனக்கே ஞாபகம் இருக்கு. இவன் கேன்டீன் ஸ்டோர்ல காபிப்பொடி மூட்டை எண்ணிட்டு இருந்தான்."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். டீனாகூட முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். காபிப்பொடி வாங்குவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, அம்மா. அந்தக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் காபி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டெல்பர்ட் என் தோளில் தட்டினான்.

"கோச்சுக்காதடா. ஆனா ஒண்ணு, அந்தப் பெட்டிச் சீட்டை மாத்தி எழுதிரலாம்னு பாக்கறேன். உன்கிட்ட குடுத்தா இந்தப் பாவப்பட்ட கடிகாரம் வெயிலே பாக்காது. மார்னிக்குக் குடுத்துடறேன். அவ படகு ஓட்டுறவ. தண்ணியில நனைச்சு, சந்தோஷமா வெச்சுப்பா."

மார்னி அவன் மகள். கார்பஸ் கிறிஸ்டியில் இருக்கிறாள். மேசைக்கு வெளியாள். பெட்டிச் சீட்டில் மேசைக்கு வெளியே யாரும் எழுதியதில்லை. மற்ற நாலு பேரில் ஒருத்தன்கூட அதைச் சொல்லவில்லை. சிரிப்பதற்கு மட்டும் வாய் இருந்தது.

ஞாயிறும் திங்களும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவனிடம் நேரில் பேசுவதற்காகப் போனேன். பேசுவதற்கு மட்டும்தான். அவன் வீடு தெருவின் கடைசியில், ஓடைக்கரையில், பக்கத்தில் வேறு வீடு கிடையாது. கராஜின் பக்கக் கதவு எப்போதும் பூட்டாமல் கிடக்கும். உள்ளே போனபோது அவன் தரையில் கிடந்தான். தூண்டில் கழிகளை எடுக்க ஏணியில் ஏறியிருக்கிறான், இரும்பு அலமாரியோடு சேர்த்துச் சாய்ந்திருக்கிறான். அலமாரி இரண்டு கால்மேலும் கிடந்தது. நான் தள்ளவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் போவதற்குள்ளேயே அவன் விழுந்திருந்தான்.

"வந்தியா, நல்ல வேளை," என்றான். முகம் சுண்ணாம்பாக இருந்தது, ஆனால் சிரித்தான். "இடுப்பு போச்சுன்னு நெனைக்கிறேன். போனு பெஞ்சு மேல இருக்கு, எட்டல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

"இங்க சிக்னல் சரியா கெடைக்காது, வெளிய போய்ப் பேசிட்டு வர்றேன்," என்றேன்.

அவன் வலது கையை இழுத்து இடது மணிக்கட்டில் இருந்த பொத்தானை அழுத்தினான். "நேரம் பாக்கறேன், ராய்ஸ்," என்றான்.

காரில் போய் உட்கார்ந்தேன். உண்மையிலேயே கூப்பிடுவதாகத்தான் இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் அந்தச் சீட்டை மாற்றியிருப்பானா, இல்லையா? எதையும் தள்ளிப்போடுகிறவன் அவன், இன்னும் மாற்றியிருக்க மாட்டான். மருத்துவமனைக்குப் போனால் மார்னி ஓடி வருவாள், பக்கத்தில் உட்காருவாள், அவன் முதல் வேலையாகச் சீட்டை மாற்றிவிடுவான். நான் அவனுக்கு எதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருந்தேன். இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொல்லலாம். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. ஒரு தடவை முழுதாகச் சாவி கொடுத்தால் அந்தக் கடிகாரம் நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடும். ஸ்டாப்வாட்சும் சேர்ந்து ஓடினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். அவன் கடைசியாக எப்போது கொடுத்தானோ.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். அவன் தரையில் ஒரு முழம் நகர்ந்திருந்தான், பெஞ்சுப் பக்கமாக. என்னைப் பார்த்ததும் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"எங்கடா போன? ஆம்புலன்ஸ் எங்க?"

கடிகாரத்தைத் தொடும் முன் கை கழுவுவது என் வழக்கம் என்று சொன்னேன் அல்லவா. கராஜில் மீன் கழுவுகிற தொட்டி ஒன்று உண்டு. அங்கே சோப்புப் போட்டுக் கழுவினேன். அவன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தூக்கிவிடப் போகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினான். நான் கடிகாரத்தைக் கழற்றினேன். ஸ்டாப்வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் மேலாக. அநாவசியமாகச் சக்கரம் தேயும். அதை நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். நேரத்தைச் சரிசெய்தேன், முப்பத்தெட்டுச் சுற்று சாவி கொடுத்தேன், பழையபடி அவன் கையிலேயே கட்டினேன்.

எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. நான் திருடன் இல்லை. அவன் உயிரோடு இருக்கும்வரை அது அவனுடைய கடிகாரம்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ராய்ஸ், சீட்டுல உன் பேருதான்டா இருக்கு. சும்மா உன்னைச் சீண்டினேன். ஞாயித்துக்கிழமை எடுத்துப் புதுசா எழுதினேன், உன் பேருதான் எழுதினேன். போய்ப் பாரு, படுக்கை ரூம்ல பெட்டி இருக்கு."

உயிருக்குப் பயந்தவன் என்ன வேண்டுமானாலும் சொல்வான். என் கதையில் எட்டு விநாடி உண்மை கண்டுபிடித்தவன் அவன், அவன் பேச்சை நான் அளக்காமல் நம்புவேனா? பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. இன்னொருத்தன் படுக்கையறைக்குள் நுழைவது முறையில்லை. பெஞ்சு மேலிருந்த போனில் சார்ஜ் தீரப்போகிற மாதிரி இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவன் தண்ணீர் கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கை கழுவினேன், சாவி கொடுத்தேன், கட்டினேன். கையில் இன்னும் ஈரம் இருந்தது, அவன் என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தான். நான் இழுத்துக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து கையை நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் மண்டியிட்டதும் அவனே இடது கையை நீட்டினான். கண்ணைத் திறக்கவில்லை. மருத்துவர் ஊசி போடும்போது நாம் நீட்டுவோமே, அந்த மாதிரி. எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சாவி கொடுத்துக் கட்டியபோது "தேங்க்ஸ்" என்பது போல ஏதோ சொன்னான். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். மதியத்துக்குள் இறந்திருக்கிறான் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். நான் அப்போது இல்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் போனேன், கை ஜில்லென்று இருந்தது. சாவி கொடுத்தேன். ஒன்பது மணிக்கு ஓட்டலுக்கும் போனேன், என் கொலாச்சேவைச் சாப்பிட்டேன்.

"டெல்பர்ட் எங்க, ஆளையே காணோம்?" என்று வெர்ன் கேட்டான்.

"ராக்போர்ட்டுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கான்," என்றேன்.

"எனக்குச் சொல்லவே இல்ல பாரு கிழவன். வரட்டும், பேசிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது சமையலறையில் போன் அடித்தது. திரையில் மார்னி என்று வந்தது. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. நான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன், பாதியில் எழுந்திருக்க முடியாது.

செத்த பிறகு எதற்குச் சாவி கொடுத்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் முகத்தில் அது தெரிந்தது. அவன் செத்தான், கடிகாரம் என்ன பாவம் செய்தது? சீட்டின்படி அது இப்போது என்னுடையது. யாராவது வந்து பார்த்து, பெட்டியைத் திறந்து, முறைப்படி என்னிடம் கொடுக்க வேண்டும். அதுவரை ஓட வேண்டும். திங்கட்கிழமை காலையும் கொடுத்தேன்.

அன்று மதியம் மார்னி சொல்லி வெர்ன் போய்ப் பார்த்திருக்கிறான். போலீஸ் வரும்வரை டெல்பர்ட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறான், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு. அப்போதுதான் டிக் டிக் சத்தம் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை செத்தவன் கையில் திங்கட்கிழமை மதியம் கடிகாரம் ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று உங்கள் ஆட்களுக்குத் தோன்றியிராது. எங்கள் மேசையில் எவனுக்கும் தோன்றும். அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். ஓடாமல் நிற்கவிடுவது என்று ஒரு வழி இருப்பதே என் மூளைக்கு வரவில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்து வாசலில் வெர்ன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனான்.

"வார் நுனி ரெண்டு வளையத்துலயும் செருகியிருந்துச்சு, ராய்ஸ். அவன் ஒரு நாளும் செருகினதில்ல. எங்கள்ல எவனும் கழட்டிச் சாவி குடுக்கறதில்ல. உன்னைத் தவிர."

"நுனி தொங்கினா அசிங்கமா இருக்கும், வெர்ன்," என்றேன்.

அவன் என்னை அடிக்கவில்லை. காலருகே காறித் துப்பிவிட்டுப் போய் உங்களுக்குப் போன் செய்தான். ஐந்து வருடத்துக்கும் மேலாக ஒரே மேசையில் உட்கார்ந்தவன்.

நேற்று நீங்கள் அந்தப் பெட்டிச் சீட்டைப் படித்துக் காட்டினீர்கள். அவன் சொன்னது உண்மைதான், ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருக்கிறான். 'எண் பதினொன்று ராய்ஸுக்கு. ஒரே நிபந்தனை, தினமும் கையில கட்டணும். வெயில்ல கூட்டிட்டுப் போகணும், கடிகாரத்தையும், உன்னையும்.' நீங்கள் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. எனக்குக் கோபம்தான் வந்தது. நிபந்தனை போட்டுக் கொடுப்பது கொடுப்பதே இல்லை. பெட்டிச் சீட்டில் இதுவரை யாரும் நிபந்தனை எழுதியதில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். செவ்வாய்க்கிழமையே ஒரு போன் செய்திருந்தால் டெல்பர்ட் ஓக்ஸ் பிழைத்திருப்பான். நான் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்யவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நாள் தவறாமல் எட்டு மணிக்குப் போயிருக்கிறேன். வெர்ன் தன் போனோடு வைத்துப் பார்த்ததாக நீங்களே சொன்னீர்கள், நான் புதன்கிழமை சரிசெய்து வைத்தது திங்கட்கிழமை மதியம்வரைக்கும் நாலே விநாடிதான் பிந்தியிருந்தது. டெல்பர்ட் கையில் இருந்த ஐந்து வருடத்தில் அது ஒரு வாரம்கூட அவ்வளவு நன்றாக ஓடியதில்லை.